எம். கே. தியாகராஜ பாகவதர் சரித்திரமும் நம் கடமையும்

பிறந்தநாளைச் சிறப்பித்தல் தமிழர்க்குப் புதிய வழக்கமன்று. அரசன் பிறந்த நாளிற் செய்யும் சிறப்பினைப் பெருமங்கலம் எனப் பெயரிட்டுத் தொல்காப்பியனார் வகுத்துள்ளார். அந்நாளில் அரசன் சினத்தை ஒழிப்பான்; சிறையில் இருப்போரை விடுவிப்பான்; குடிகளின் இறையைத் தவிர்ப்பான்; வேண்டுவார்க்கு வேண்டுவன வழங்குவான் என்று உரைகாரர் விரித்துரைப்பர். பிறந்தவன் ஒருவனேயாயினும் அந்நாளால் விடுதலை பெற்றோர் பலர் என்பது இதனால் விளங்கும்.

இக்காலத்தில் முடியரசர் இலர். அவர்க்குரிய அச்சிறப்பைத் திரைப்பட நடிகரும் இயக்குநரும் பெற்றிருக்கின்றனர். அவர்தம் பிறந்தநாளில் வானளாவிய உருவப் பலகைகளை நிறுத்தி, மாலை சூட்டிப் பாற்குடங் கவிழ்க்கும் இளைஞர் கூட்டத்தை நம் திருவண்ணாமலையிலும் காண்கிறோம். அன்பு எவ்வழியிற் சென்றாலும் அன்பேயாதலின் அதனை இகழ்தல் எம் கருத்தன்று. ஆயினும் யாரை, எதன் பொருட்டு, எவ்வாறு கொண்டாடுவது என்பதைச் சிறிது சிந்தித்தல் வேண்டும்.

நம் சங்கத்தின் சென்ற மாதக் கூட்டத்தில், ரமணாசிரமப் பகுதியில் வாழும் இளைஞர் சிலர் ஒரு விண்ணப்பம் செய்தனர். வருகின்ற மார்ச்சு மாதம் 1-ந் தேதி எம். கே. தியாகராஜ பாகவதரின் பிறந்தநாளாதலால், அவர் திருவுருவப் படத்திற்கு மாலை சூட்டி, பழைய இசைத்தட்டுப் பாடல்களை ஒலிக்கச் செய்து, இனிப்பு வழங்கவேண்டும் என்பதே அது. பெரியோர் மகிழ்ச்சியுடன் இசைந்தனர். தமிழகம் முழுவதையும் தம் குரலால் ஆண்ட ஒருவர் நம் விசுவகர்ம குலத்திற் பிறந்தவர் என்னும் பெருமிதம் எல்லார் முகத்திலும் தோன்றிற்று. அப்பெருமிதத்தில் எமக்கும் பங்குண்டு. எனினும் விழாவிற்கு முன்னர் அவர் சரித்திரத்தை உள்ளவாறு அறிந்துகொள்வது நலமெனக் கருதி இதனை எழுதலானோம்.

பிறப்பும் இளமையும்

மாயூரம் என முன்னர் வழங்கிய மயிலாடுதுறையில் 1910-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 1-ந் தேதி கிருஷ்ணமூர்த்தி ஆசாரியாருக்கும் மாணிக்கத்தம்மாளுக்கும் மகனாகத் தியாகராஜர் பிறந்தார். தந்தையார் பொற்கொல்லர். குடும்பம் பின்னர்த் திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்தது. செல்வமுடைய குடும்பமன்று, அன்றன்று வரும் வேலையால் அன்றன்று உண்ணும் குடும்பம்.

பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கை இன்னதென்பதை நம்மவர்க்கு நாம் சொல்லவேண்டுவதில்லை. எழுத்தறியுமுன்பே குமுட்டி அடுப்பின் பக்கத்தில் உட்கார்த்தப்படுவான். ஊதுகுழலை வாயில் வைப்பான். குந்துமணி எடை தவறாமற் பழகுவான். ஆனால் சிறுவர் தியாகராஜரின் நெஞ்சம் ஊதுகுழலிற் செல்லவில்லை. பள்ளிப் பாடத்திலும் செல்லவில்லை. பாட்டுக் கேட்ட இடமே அவர்க்குப் பள்ளியாயிற்று. இது பிழைக்கும் வழியன்று என்று தந்தையார் கருதியதில் வியப்பொன்றுமில்லை. அன்று நாடகக்காரன் என்றாலும் பாட்டுக்காரன் என்றாலும் பெண் கொடுக்க அஞ்சிய காலம். தமக்குத் தெரிந்த தொழிலைத் தம் மகன் கற்றுத் தமக்குப் பின் அடுப்பை அவியாமற் காக்கவேண்டும் என்பது எந்தத் தகப்பனுக்கும் இயல்பான ஆசையே.

முடிவு யாதாயிற்று? சிறுவர் வீட்டைவிட்டு ஓடிப்போனார். பல நாள் தேடியபின், தெலுங்கு நாட்டிலே கடப்பை என்னும் ஊரில் அவர் இருப்பது தெரிந்தது. சென்று கண்டபோது, ஊரார் சூழ்ந்திருந்து கேட்க அவர் பாடிக்கொண்டிருந்தாராம். மொழி அறியாத ஊரில், உறவினர் ஒருவரும் இல்லாத இடத்தில், ஒரு சிறுவனுக்குச் சோறும் நிழலும் அவன் குரலே தேடிக் கொடுத்தது.

அங்கே அத்தந்தையார் செய்த செயலே இச்சரித்திரத்தின் ஆணிவேர் என்பது எம் துணிபு. மகனை அழைத்துவந்தார், ஆனால் பழையபடி அடுப்படியில் உட்கார்த்தவில்லை. பஜனைகளிற் பாட விடுத்தார். தாம் கொண்டிருந்த எண்ணத்தைத் தாமே மாற்றிக்கொண்டார். அவர் மாறாதிருந்தால் திருச்சிராப்பள்ளிக் கடைத்தெருவில் மற்றொரு தட்டார் இருந்திருப்பார். தமிழுலகிற்குப் பாகவதர் கிடைத்திருக்க மாட்டார்.

நாடகமேடை

பஜனையிற் பாடிய சிறுவரைக் கண்டெடுத்தவர் எப். ஜி. நடேசையர். இருப்புப்பாதை அலுவலரான இவர் திருச்சிராப்பள்ளி ரசிக ரஞ்சன சபாவின் உயிர்நாடியாக விளங்கியவர். தாமே சிறந்த நடிகர். அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசனாக நடிக்கச் சிறுவர் தியாகராஜரை அவர் மேடையேற்றினார். பாம்பு தீண்டி இறக்கும் அப்பிள்ளையின் வேடத்தில் தோன்றிய சிறுவர் ஊராரின் உள்ளத்தைக் கவர்ந்தார்.

பிறகு வயலின் வித்துவான் மதுரை பொன்னு ஐயங்கார் அவரைத் தம் மாணவராக ஏற்றுச் சங்கீதத்தை முறைப்படி கற்பித்தார். நடராஜ வாத்தியார் நடிப்பைப் பயிற்றினார். 1926-ல் பவளக்கொடி நாடகத்தில் அருச்சுனனாக அவர் மேடையேறினார். கஞ்சிராவில் இணையற்றவராயிருந்த புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை அவர் பாட்டைக் கேட்டு மகிழ்ந்து, பாகவதர் என்னும் பட்டத்தைச் சூட்டினார் என்பர். அன்று முதல் அப்பட்டமே பெயராயிற்று.

ஒலிபெருக்கி பெருகாத அக்காலத்தில், நாடகக் கொட்டகையின் கடைசியிலே தரையில் அமர்ந்திருப்பவன் காதிலும் விழுமாறு பாடவேண்டியிருந்தது. ஆகையால் மேடைப் பாடகர் மேல் சுருதியிற் பாடினர். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா அவ்வகையில் முடிசூடா மன்னராய் விளங்கி 1933-ல் தம் இருபத்தேழாம் வயதில் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற இடத்தை நிரப்பத்தக்க குரல் பாகவதரிடத்தில் இருந்தது. உயர்ந்த சுருதியிலும் இனிமை குன்றாமை, சொல் சிதையாமை, பொருள் விளங்கப் பாடுதல் ஆகிய மூன்றும் அவர் தனிச்சிறப்புக்கள். தமிழ் கற்பிக்கும் தொழிலுடைய எமக்கு இவற்றுள் மிக உவப்பானது நடுவில் உள்ளதே. அவர் பாட்டில் லகர ளகர ழகரங்கள் ஒன்றோடொன்று மயங்குவதில்லை. எழுத்தறியாதவரும் அவர் பாடலைக் கேட்டுத் திருந்திய தமிழ் உச்சரித்தனர்.

திரையுலகம்

பேசும்படம் தமிழில் 1931-ல் தோன்றிற்று. 1934-ல் பவளக்கொடி நாடகமே படமாயிற்று. அப்படத்தாலேயே கே. சுப்பிரமணியம் இயக்குநரானார், பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் திரையில் அறிமுகமாயினர். சூரிய வெளிச்சத்தையே நம்பிச் சென்னை அடையாற்றில் எடுக்கப்பட்ட அப்படத்தில் ஐம்பதளவு பாடல்கள் இருந்தன. கதையைக் காட்டிலும் பாட்டைக் கேட்கவே ஜனங்கள் திரண்டனர்.

அதன்பின் நவீன சாரங்கதரா, சத்தியசீலன் ஆகிய படங்கள் 1936-ல் வெளிவந்தன. 1937-ல் ஒய். வி. ராவ் இயக்கிய சிந்தாமணி ஓராண்டிற்கும் மேலாக ஓடிற்று. அதன் வருவாயைக் கொண்டு மதுரையில் ஒரு கொட்டகையே எழுப்பி, அதற்குச் சிந்தாமணி என்று பெயரிட்டனர். அவ்வாண்டிலேயே கம்பர் மகனின் கதையாகிய அம்பிகாபதி வெளிவந்தது. அதனை இயக்கியவர் தமிழறியாத அமெரிக்கராகிய எல்லிஸ் ஆர். டங்கன், வசனம் எழுதியவர் இளங்கோவன். 1939-ல் குயவர் குலத்து நாயனாராகத் திருநீலகண்டரிலும், 1941-ல் கண்ணிழந்த இளவரசன் குணாளனாக அசோக்குமாரிலும், 1943-ல் பொய்யாமொழிப் புலவராகச் சிவகவியிலும் பாகவதர் நடித்தார். பிற்காலத்தில் முதலமைச்சரான எம். ஜி. இராமச்சந்திரன் அசோக்குமாரில் ஒரு துணை வேடம் ஏற்றிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

இப்படங்களிற் பலவற்றிற்குப் பாபநாசம் சிவன் பாட்டெழுதினார். ஜி. இராமநாதனும் அவரும் இசையமைத்த பாடல்கள் சிவகவியிலும் ஹரிதாஸிலும் புகழ் பெற்றன. இங்கு ஒன்று கருதத்தக்கது. சங்கீத சபைகளில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் போதாதென்று அறிஞர் போராடி, 1943-ல் சென்னையில் தமிழிசைச் சங்கம் நிறுவப்பெற்றது. அப்போராட்டம் நடந்துகொண்டிருந்த நாளிலேயே, உயர்ந்த இராகங்களைத் தமிழ்ச் சொல்லோடு வண்டிக்காரன் வாயிலும் வயலில் நாற்று நடுவோர் வாயிலும் இப்படங்கள் கொண்டுபோய்ச் சேர்த்தன. அனுமதிச் சீட்டு வாங்கிச் சபைக்குச் செல்ல இயலாதவர்க்குப் பாகவதர் சபையானார்.

புகழ் எல்லை கடந்தது. அவரைப்போல் முடி வளர்த்து, பாகவதர் கிராப்பு என்று அதனை அழைத்துக்கொண்ட இளைஞர் ஊர்தோறும் இருந்தனர். அவர் வரும் இரயில் நிற்கும் நிலையங்களில் கூட்டம் அலைமோதிற்று. பிறந்தநாள் என்று தனியே ஒன்று வேண்டாமல், அவர் சென்ற நாளெல்லாம் திருநாளாயிருந்தது.

வந்த வினை

1944-ம் ஆண்டு தீபாவளிக்கு ஹரிதாஸ் வெளிவந்தது. இன்பத்தில் மூழ்கிப் பெற்றோரை இகழ்ந்த ஒருவன், துன்பத்தால் திருந்தி அவர்க்குப் பணிசெய்து உயர்வடையும் கதை அது. சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டு அப்படம் ஓடிற்று.

அப்படம் வெளிவந்த அடுத்த மாதத்தில், நடிகர்களின் அந்தரங்கங்களை அவதூறாக எழுதிப் பத்திரிகை நடத்திவந்த லட்சுமிகாந்தன் என்பவர் சென்னை வேப்பேரியில் கத்தியாற் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அவ்வழக்கில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் படத்தயாரிப்பாளர் ஸ்ரீராமுலு நாயுடுவும் வேறு சிலரும் கைது செய்யப்பட்டனர். 1945 மே மாதத்தில் ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை பெற, பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுட்காலத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. ஹைக்கோர்ட்டு மேல்முறையீட்டிலும் அத்தண்டனை உறுதியாயிற்று. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்ஸில் வரை சென்றது. அங்கிருந்து மறுவிசாரணைக்குத் திரும்பி வந்தபோது, வழக்கறிஞர் வி. எல். எத்திராஜ் வாதாடினார். 1947 ஏப்ரலில் சென்னை ஹைக்கோர்ட்டு நீதிபதிகள் இருவரையும் குற்றமற்றவர் எனத் தீர்த்து விடுதலை செய்தனர்.

ஏறக்குறைய முப்பது மாதம் பாகவதர் சிறையில் இருந்தார். அக்காலத்தின் பெரும்பகுதியிலும் பிராட்வே கொட்டகையில் அவர் குரல் ஒலித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஜனங்கள் அவர் பாட்டைக் கேட்டுக் கண்ணீர் வடித்தனர். பாடியவரோ சிறைச்சோறு உண்டுகொண்டிருந்தார். திரையில் இருந்த நிழலை விட்டு ஒருவரும் அகலவில்லை. மெய்யான மனிதரை விட்டோ பலர் அகன்றனர். ஒப்பந்தங்கள் கைநழுவின, தேடிய பொருள் வழக்கிலே கரைந்தது. நிழலைக் கொண்டாடுதல் எளிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

பிற்காலம்

ஒரே வழக்கில் ஒரே நாளில் விடுதலை பெற்ற இருவருள், என். எஸ். கிருஷ்ணன் மீண்டும் திரையில் முன்போல் விளங்கினார். பாகவதர்க்கு அவ்வாறு அமையவில்லை. 1948-ல் இராஜமுக்தி வெளிவந்து தோல்வியுற்றது. 1952-ல் அமரகவியும் சியாமளாவும் வந்தன. 1957-ல் புதுவாழ்வு என்னும் படத்தைத் தாமே இயக்கினார். எவையும் பழைய நாளை மீட்டுத் தரவில்லை. கதையிலும் வசனத்திலும் ஜனங்களின் சுவை மாறிவிட்டது. பாட்டுக்காகப் படம் பார்த்த காலம் போய், பேச்சுக்காகப் படம் பார்க்கும் காலம் வந்துவிட்டது. நடிகனே பாடவேண்டும் என்ற நியதியும் மறைந்து, பின்னணிப் பாடகர் வந்துவிட்டனர்.

நீரிழிவு உடலை அரித்தது, பார்வையும் மங்கிற்று. ஆயினும் கச்சேரி மேடைகளில் அவர் பாடுவதை நிறுத்தவில்லை. நாடகமேடையில் எழுந்த குரல் மீண்டும் மேடைக்கே திரும்பிற்று. 1959-ம் ஆண்டு நவம்பர் மாதம் 1-ந் தேதி சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் தம் நாற்பத்தொன்பதாம் வயதில் காலமானார். திருச்சிராப்பள்ளியில் அவர் உடலுக்கு இறுதிச் சடங்குகள் நடைபெற்றன. கடைசிப் படமாகிய சிவகாமி அவர் மறைவிற்குப் பின் 1960-ல் வெளிவந்தது. அவர் நடித்த படங்கள் மொத்தம் பதினான்கே. பதினான்கு படங்களால் ஒருவர் ஒரு காலத்திற்கே தம் பெயரை இட்டுச்சென்றார். இன்று திருச்சிராப்பள்ளியில் தமிழ்நாடு அரசு அவர்க்கு மணிமண்டபம் எழுப்பியுள்ளது.

நம்மவர் என்னும் உரிமை

அன்பர்காள்! இச்சரித்திரத்தைக் கூர்ந்து நோக்குங்கள். மேடையேற்றியவர் நடேசையர். சங்கீதம் கற்பித்தவர் பொன்னு ஐயங்கார். பட்டம் சூட்டியவர் தட்சிணாமூர்த்தி பிள்ளை. பாட்டெழுதியவர் பாபநாசம் சிவன். படத்துக்குப் பொருளிட்டவர்களில் நகரத்தார் இருந்தனர். இயக்கியவர்களில் அமெரிக்கர் இருந்தார். சிறையினின்று மீட்க வாதாடியவர் எத்திராஜ். இவருள் நம் குலத்தினர் எவரும் இலர். அவ்வாறாயின் பாகவதரை நம்மவர் என்று நாம் கூறிக்கொள்ளும் உரிமை எங்கிருந்து வந்தது? பிறப்பினால் மட்டும் வந்தது எனின் அது வலிமையற்ற உரிமையாகும். ஏனெனில் அப்பிறப்புக்குரிய தொழிலைவிட்டு ஓடியதாலன்றோ அவர் பாகவதரானார்.

ஒரே ஒருவர் உளர். கடப்பையிலிருந்து மகனை அழைத்துவந்து பாட விடுத்த அப்பொற்கொல்லர். நம் குலம் பாகவதர்க்குச் செய்த உதவி அவர் ஒருவர் செய்த உதவியே. ஆகவே நாம் பாகவதரால் பெருமை கொள்ள விரும்பின், முதலில் அவர் தந்தையாரைப் பின்பற்றுதல் வேண்டும்.

இதனைச் சொல்வதற்கு எமக்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எம் வகுப்பில் நம்மவர் வீட்டுச் சிறுவன் ஒருவன் இருந்தான். தேவாரத்தைப் பண்ணோடு பாடுவான்; ஒருமுறை கேட்டதை மறுமுறை பிழையின்றித் திருப்பிச் சொல்வான். திருவிழாக்களிற் பாட விடுமாறு அவன் தந்தையாரிடம் யாம் கேட்டோம். பாட்டு அடுப்பெரிக்குமா என்று அவர் வினவினார். எம்மால் விடை கூற இயலவில்லை. மேலும் வற்புறுத்தவும் துணியவில்லை. மறு ஆண்டு அவன் பட்டறைக்குச் சென்றான். வேலையில் கெட்டிக்காரன் என்று இப்போது எல்லாரும் புகழ்கின்றனர். பாடுவதாக ஒருவரும் சொல்லக் கேட்டிலேன். பாகவதர் விழாவுக்கு விண்ணப்பம் செய்த இளைஞருள் அவனும் ஒருவனாக நின்றதைக் கண்டபோது, அத்தந்தையாரினும் எம்மையே யாம் நொந்துகொண்டோம். கேட்டுவிட்டு விலகியவர் யாமன்றோ? நடேசையர் அவ்வாறு விலகவில்லை.

குலத்தொழிலை இழிவென்று கூறுகின்றோம் என எவரும் எண்ணற்க. நம் ஊரிலேயே பாருங்கள். ஸ்ரீ ரமணாசிரமத்தில் 1949-ல் குடமுழுக்குக் கண்ட மாத்ருபூதேசுவரர் ஆலயம் வைத்தியநாத ஸ்தபதியின் தலைமையில் எழுந்தது. உலகின் பல நாடுகளிலிருந்தும் வருவோர் அக்கருங்கல் தூண்களின் எதிரே அமர்ந்து மனம் ஒடுங்குகின்றனர். கார்த்திகைத் திருநாளில் மலையுச்சியில் ஏற்றும் தீபத்திற்குரிய தாமிரக் கொப்பரையும் உலோகத் தொழிலாளர் கையால் அமைந்ததே. விருப்பத்தோடு செய்யும் தொழில் எதுவாயினும் அது வழிபாடு. விருப்பமில்லாதவனை அதிற் பூட்டுவதே குற்றம். கொப்பரையை இன்னார் செய்தார் என்று நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் தீபம் மலையைச் சூழ்ந்த எல்லார்க்கும் உரியது. பாகவதரின் குரலும் அத்தகையதே.

ஆகையால் விழாவைப் பற்றி எம் கருத்து இது. மார்ச்சு 1-ந் தேதி படத்திற்கு மாலை சூட்டுவோம், பாடல்களை ஒலிப்போம், இனிப்பும் வழங்குவோம். அதனோடு, அவர் சிறையிருந்த நாளையும், புகழ் மங்கிய நாளையும் மறையாது நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம். உயர்வில் மட்டும் உறவு கொண்டாடுதல் உறவாகாது. அன்று மாலை, ஆணாயினும் பெண்ணாயினும், நம் வீட்டுப் பிள்ளைகளுள் பாட விரும்புவோர் பாடுக. வரைய விரும்புவோர் வரைக. நடிக்க விரும்புவோர் நடிக்க. பெற்றோர் முன்வரிசையில் அமர்ந்து கேட்பாராக. திறமுடைய பிள்ளைக்கு நல்லாசிரியரைத் தேடிக் கொடுக்கும் பொறுப்பைச் சங்கம் ஏற்பதாக. அவ்வாசிரியர் எக்குலத்தவராயினும் ஆகுக. எம் பங்கிற்கு, முன்னர்க் கூறிய இளைஞனையே முதற் பாடலைப் பாட அழைத்திருக்கின்றோம். அவன் இன்னும் விடை கூறவில்லை.

பெருமங்கல நாளில் சினம் ஒழித்துச் சிறையைத் திறந்தனர் நம் முன்னோர் என்று தொடக்கத்திற் கண்டோம். நம் வீடுகளில் நாமே அடைத்துவைத்த சிறைகள் எத்தனை உண்டென்பதை அவரவர் அறிவர். அவற்றுள் ஒன்றையேனும் அந்நாளில் திறப்போமாயின், பாகவதரை நம்மவர் என்று சொல்லும் தகுதி நமக்கு உண்டாகும்.